கேளா ஒலியில் பிறக்கும் துத்தநாகத் தூள்: நம் வயலில் சோதித்த பிறகு வாங்குவோம்

நடவு முடிந்து மூன்றாவது வாரம். பயிர் பச்சை பிடித்துத் தூர் கட்ட வேண்டிய சமயத்தில் வயலின் ஒரு பக்கம் மட்டும் குட்டையாக நின்றுவிடுகிறது. கீழ் இலைகளில் துரு ஏறினாற்போல் பழுப்புப் புள்ளிகள் தோன்றுகின்றன. இளம் இலைகளின் நடு நரம்பு அடிப்பக்கத்தில் வெளுத்துப் போகிறது. காரைக்கால் கடைமடையில் சம்பா பயிரிடுகிற எவருக்கும் இது புதிய காட்சி அல்ல. தழைச்சத்து போதவில்லை என்று எண்ணி மேலும் யூரியா போடுவோர் உண்டு. அதனால் பயன் இராது. பயிருக்கு அப்போது வேண்டியது துத்தநாகம், அதாவது ஜிங்க்.

சென்ற பருவத்தில் நெடுங்காடு பக்கம் வயல் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு பாட்டிலை எடுத்துக் காட்டினார். "அண்ணே, இதுல நானோ ஜிங்க் இருக்காம். இனிமே 10 கிலோ பையைத் தூக்க வேண்டாம், ஒரு மூடி ஊத்தித் தெளிச்சாப் போதும்ங்கிறாங்க. ஏதோ ஒலி அலையால செய்யறாங்களாமே, நம்பலாமா?" என்று கேட்டார். நம்பலாம் என்றோ கூடாது என்றோ ஒரு வார்த்தையில் நான் பதில் சொல்லவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

துத்தநாகப் பற்றாக்குறை நம் மண்ணுக்கு மட்டும் நேர்ந்த குறையல்ல. 1966-ஆம் ஆண்டில் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒய்.எல். நேனே என்ற அறிஞர், இமயமலை அடிவாரத்து நெல் வயல்களில் பரவிய 'கைரா' என்னும் கோளாறுக்குக் கிருமி காரணமல்ல, துத்தநாகக் குறைவே காரணம் என்று கண்டு சொன்னார். பின்னர் நாடு முழுவதும் மண் மாதிரிகள் எடுத்துச் சோதித்ததில் 100-க்கு 36-க்கு மேற்பட்டவற்றில் இக்குறை காணப்பட்டது. தமிழகத்து மாதிரிகளில் அது 60-க்கும் மேல். நீர் தேங்கி நிற்கும் நெல் வயலில் துத்தநாகம் மண்ணோடு பிணைந்து வேருக்கு எட்டாமல் போகிறது. களரும் உவரும் சேர்ந்தால் இன்னும் மோசம். அரசலாறும் வாஞ்சியாறும் கடலில் சேரும் நம் பகுதியில் இவை எல்லாமே உண்டு.

இதற்குரிய மருந்தும் தெரிந்ததே. ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ உலர்ந்த மணலுடன் கலந்து, கடைசி உழவும் சமன் செய்தலும் முடிந்த பின், நடவுக்கு முன்பாக வயலில் தூவ வேண்டும். பசுந்தாள் உரமோ ஊட்டமேற்றிய தொழு உரமோ இட்ட வயலாயின் 5 கிலோ போதும். நட்ட பிறகு குறை தென்பட்டால் 200 லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ ஜிங்க் சல்பேட்டும் 2 கிலோ யூரியாவும் கரைத்து இலைமேல் தெளிக்கலாம். இருவாரத்திற்கு ஒரு தடவையாக மூன்று தடவை வரை தெளிக்கலாம். இது பழைய முறை. புதிய முறை இதைவிட மேலானதா என்று பார்ப்பதற்கு முன், அந்தத் தூள் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்து கொள்வது நல்லது.

மீனவரின் கருவியும் இதுவே

நம் காதுக்கு எட்டும் ஒலி, வினாடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள் வரைதான். அதற்கு மேற்பட்டது கேளா ஒலி. கர்ப்பிணிப் பெண்களுக்கு மருத்துவமனையில் ஸ்கேன் எடுப்பது இதைக் கொண்டுதான். காரைக்கால்மேட்டுப் படகுகளில் கடலின் ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் காட்டும் கருவியும் இதே வகை. அதன் மூதாதை ஒரு பிரெஞ்சுக்காரர் செய்தது. பால் லாஞ்ஜவேன் என்னும் அந்த விஞ்ஞானி, முதல் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிவதற்காக, 1917-இல் ஸ்படிகத் தகட்டை மின்சாரத்தால் அதிரச் செய்து நீருக்குள் கேளா ஒலியை எழுப்பினார். ஒலி பாய்ந்த இடத்தில் சிறு மீன்கள் மடிந்ததையும், கையை நீட்டினால் வலித்ததையும் அவர் குறித்து வைத்தார். மென்மையாகச் செலுத்தினால் படம் காட்டும் ஒலி, வலுவாகச் செலுத்தினால் வேறு வேலையும் செய்கிறது என்பது அப்போதே தெரிந்தது.

அந்த வேறு வேலையைக் கண்ணாடிக் கடையில் பார்க்கலாம். அழுக்கேறிய மூக்குக் கண்ணாடியை ஒரு சிறு எவர்சில்வர் தொட்டியில் போட்டு விசையைத் தட்டுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் அழுக்கைப் பெயர்த்து விடுகின்றன. வலுவான கேளா ஒலி நீரில் பாயும்போது நீர் இழுபட்டும் அழுந்தியும் தவிக்கிறது. இழுபடும் போது நுண்ணிய குமிழிகள் உண்டாகிப் பெருக்கின்றன. அழுந்தும் போது அவை சட்டென்று நொறுங்குகின்றன. நொறுங்கும் அந்தக் கணத்தில் குமிழிக்குள் சுமார் 5,000 டிகிரி வெப்பமும், காற்று மண்டல அழுத்தத்தைப் போல் பல நூறு மடங்கு அழுத்தமும் ஏற்படுகின்றன. ஆனால் அது வினாடியின் லட்சத்தில் ஒரு பங்குகூட நீடிப்பதில்லை. தொட்டி நீரைத் தொட்டால் வெதுவெதுப்புதான். குமிழிக்குள் மட்டும் உலைக்களம்.

இந்த உலையில் நீரே பிளந்து, ஓய்வில்லாமல் எதனோடாவது சேரத் துடிக்கும் கூறுகளாகிறது. நீரில் வெள்ளி உப்போ தங்க உப்போ கரைந்திருந்தால் அக்கூறுகள் அதை உலோகமாக்கி விடுகின்றன. துத்தநாக உப்புக் கரைசலில் காரத்தைச் சேர்த்து ஒலியைச் செலுத்தினால் வெண்மையான துத்தநாக ஆக்சைடு படிகிறது. தாமிர உப்பிலிருந்து இவ்வாறே தாமிர ஆக்சைடு கிடைக்கிறது. ஒலி ஓயாமல் அடித்துக் கொண்டே இருப்பதால் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாக வளர இடமில்லை. ஒரு மில்லிமீட்டரை 10 லட்சம் கூறிட்டால் ஒரு கூறுதான் நானோமீட்டர். இத்துகள்கள் அப்படி 100 கூறுக்கும் குறைவானவை. தலைமயிரின் பருமன் 80,000 கூறு அளவுக்கு வரும் என்றால் பார்த்துக் கொள்ளலாம்.

1991-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கென்னத் சஸ்லிக் என்பவரும் அவருடன் பணி செய்தவர்களும் இவ்வாறு இரும்புத் தூளை உண்டாக்கிக் காட்டிய பின் உலகெங்கும் இம்முறை பரவியது. நமக்கு அயலானதும் அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற முத்துப்பாண்டியன் அசோக்குமார் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் இத்துறையில் பேராசிரியரானார். திருச்சி தேசிய தொழில்நுட்பக் கழகத்தின் எஸ். ஆனந்தன், அசோக்குமாருடனும் பிரான்ஸ் கிரீசருடனும் சேர்ந்து தங்கமும் வெள்ளியும் கூடிய நுண்துகளைக் கேளா ஒலியால் செய்து 2008-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். கல்லணைத் தண்ணீர் நமக்கு வருகிற அதே திசையில், துவாக்குடியில், இந்த வேலை நடந்திருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் நானோ ஆய்வுக்கென்று தனித்துறையே உண்டு.

இம்முறையில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. வெறும் ரசாயன வழியில் உலோகத் துகள் செய்ய, கையாளவே அஞ்ச வேண்டிய சில மருந்துகளைச் சேர்க்கிறார்கள். அவற்றின் மிச்சம் தூளோடு தங்கிவிடக் கூடும். ஒலி வழியில் அந்தத் தேவை பெரிதும் குறைகிறது. ஆயினும் குறையில்லாத முறை ஏது? ஒலியைச் செலுத்தும் டைட்டேனியக் கோலின் முனை நாளடைவில் அரிபட்டு அதன் பொடியும் கரைசலில் கலக்கிறது. ஒரு குவளையில் அழகாக வருவது ஒரு பீப்பாயில் அப்படியே வருவதில்லை. மின்சாரச் செலவும் இருக்கிறது.

சிறுமை மட்டும் போதுமா?

"துகள் மிகச் சிறியது, அதனால் பயிர் உடனே உறிஞ்சிக் கொள்ளும்" என்பதுதான் விற்பனையாளர் வழக்கமாகக் கூறும் வாதம். கற்கண்டை விடச் சீனி விரைவில் கரையும் என்பதைப் போல இது சரியாகத்தான் தோன்றும். எளிதில் நீரில் கரையாத துத்தநாக ஆக்சைடுக்கு இது உண்மையும்கூட. ஆனால் நாம் காலங்காலமாகப் போடும் ஜிங்க் சல்பேட்டோ தண்ணீரில் முழுவதுமாகக் கரைந்து விடுகிறது. கரைந்த துத்தநாகம் எந்த நானோ துகளையும் விடச் சிறியது! ஆகவே பெரிது சிறிது என்பதல்ல இங்கே பிரச்சினை. கரைந்த துத்தநாகம் மண்ணில் பிணைந்து விடுவதும், இலைமேல் தெளித்தது மழையில் கழுவிக் கொண்டு போய்விடுவதும்தான் பிரச்சினை. நானோ துகள் இலையில் ஒட்டி நின்று கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கொடுக்குமானால் அது மெய்யான ஆதாயம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தெளிப்பு வேலையே வீணாகும் நமக்கு, அந்த ஒரு குணத்தைத்தான் முதலில் நிரூபித்துக் காட்ட வேண்டும்.

அளவுக் கணக்கையும் பார்த்து விடுவோம். 10 கிலோ ஜிங்க் சல்பேட்டில் 100-க்கு 21 பங்கு துத்தநாகம், ஆக 2 கிலோ 100 கிராம். ஒரு கிலோ நெல்லில் இருக்கும் துத்தநாகம் சுமார் 20 மில்லிகிராம். ஏக்கருக்கு 2,500 கிலோ விளைந்தால் நெல்மணி எடுத்துச் செல்வது ஏறத்தாழ 50 கிராம். வைக்கோலில் போவதையும் கூட்டினால் 100 கிராம், 150 கிராம் என்று வைத்துக் கொள்ளலாம். மீதமெல்லாம் மண்ணில் தங்கிவிடுகிறது. இவ்வளவு விரயம் ஏன் என்று நானோ விஞ்ஞானிகள் கேட்பது நியாயமான கேள்வியே. ஆனால் அரை லிட்டர் பாட்டிலில் 100-க்கு ஒரு பங்கு துத்தநாகம் இருந்தால் அது 5 கிராம்தான். எத்தனை சாமர்த்தியமான துகளானாலும் 5 கிராம் 100 கிராமாகப் பெருகாது. பற்றாக்குறை கடுமையாக உள்ள வயலில் அடியுரத்தை நிறுத்திவிட்டுப் பாட்டிலை மட்டும் நம்புவது, கடன் வாங்கி நட்ட பயிரைப் பணயம் வைப்பதாகும்.

யூரியாவில் இந்தப் பாடம் ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. 2021-இல் நானோ யூரியா வந்தபோது, 500 மில்லி பாட்டில் ஒன்று 45 கிலோ மூட்டைக்கு ஈடு என்றார்கள். அந்தப் பாட்டிலில் அன்று இருந்த தழைச்சத்து 100-க்கு 4 பங்கு, அதாவது 20 கிராம். மூட்டையிலோ 20 கிலோவுக்கு மேல். லூதியானாவில் உள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் இரண்டு ஆண்டுகள் வயலில் சோதித்தபோது, வழக்கமான யூரியாவைக் குறைத்து அதற்குப் பதில் நானோ யூரியா தெளித்த இடத்தில் நெல் மகசூல் 100-க்கு 13 பங்கு குறைந்தது. கோதுமையில் குறைவு இன்னும் அதிகம். தயாரித்தவர்கள் தங்கள் சோதனைகளில் நல்ல பலன் கண்டதாகவே கூறினர். யார் சொல்வது சரி என்று வழக்காடுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஓரிடத்துச் சோதனையைக் காட்டி வேறிடத்தில் விற்பது எவ்வளவு ஆபத்து என்பதற்காகச் சொல்கிறேன்.

துத்தநாகத்தில் நம்பிக்கை தரும் சோதனையும் இருக்கிறது. திருப்பதி வேளாண் கல்லூரியைச் சேர்ந்த பிரசாத் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், லிட்டருக்கு ஒரு கிராம் அளவில் நானோ துத்தநாக ஆக்சைடு கலந்த நீரில் நேர்த்தி செய்த நிலக்கடலை விதை நன்றாக முளைத்து வீரியமாக வளர்ந்தது. அதே தூளை லிட்டருக்கு 2 கிராமாக இரட்டித்தபோது வளர்ச்சி கெட்டது. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே ஒரே ஒரு கிராம்! "கொஞ்சம் கூடப் போட்டால் கூடுதல் பலன்" என்று மூடிக்கு மேல் மூடி ஊற்றுவது நம்மிடையே உள்ள வழக்கம். இந்த வகைச் சரக்கில் அது கூடவே கூடாது. ஆனால் விதை நேர்த்தி என்ற வழி சிறு விவசாயிக்கு ஏற்றது என்றே நினைக்கிறேன். செலவாகும் தூள் கொஞ்சம், வயலில் சிந்துவதும் கொஞ்சம்.

சிந்துவதைப் பற்றி ஏன் கவலை என்று கேட்கலாம். துத்தநாக ஆக்சைடு, தாமிர ஆக்சைடு, வெள்ளி ஆகியவற்றின் நுண்துகள்கள் கிருமிகளைக் கொல்லும் என்பதற்காகவே மருத்துவமனைத் துணிகளில் ஏற்றிப் பார்க்கிறார்கள். இஸ்ரேல் நாட்டின் பார் இலான் பல்கலைக்கழகத்தில் கெடான்கென் குழுவினர் கேளா ஒலியாலேயே அதைச் செய்தனர். கெட்ட கிருமி எது, நல்ல கிருமி எது என்று துகளுக்குத் தெரியுமா? வயலில் தழைச்சத்தைச் சேர்க்கும் நீலப்பச்சைப் பாசியும் அசோஸ்பைரில்லமும் அதற்கு ஒன்றுதான். நீர்ப் பாசிகளுக்கும் மீனுக்கு இரையாகும் நுண்ணுயிர்களுக்கும் இவை ஊறு செய்வது ஆய்வுக்கூடங்களில் கண்ட உண்மை. நம் வயலின் வடிகால் நீர் போய்ச் சேர்வது நாட்டாறு, திருமலைராஜனாறு முகத்துவாரங்களில். அங்கே இறாலும் நண்டும் பிடித்துப் பிழைப்பவர்கள் நம் அண்டை வீட்டார்.

தெளிப்பவர் நலனும் உண்டு. துத்தநாகம் பூசிய குழாயைப் பற்றவைக்கும் வெல்டிங் தொழிலாளிக்கு அன்று மாலையே குளிரும் காய்ச்சலும் வருவதைப் பட்டறைகளில் கேட்டால் சொல்வார்கள். நுண்ணிய துத்தநாகப் புகை நுரையீரலுக்குள் போவதன் விளைவு அது. திரவமாகத் தெளிப்பது அந்த அளவு தீங்கல்ல என்றாலும் முகத்தில் துணி கட்டாமல், காற்றுக்கு எதிராக நின்று தெளிக்கக் கூடாது. உலர்ந்த தூளாக விற்றால் வாங்கவே வேண்டாம்.

கேட்க வேண்டியதைக் கேட்போம்

மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2020 ஜூலையில் வேளாண்மைக்கான நானோ பொருள்களை எப்படிச் சோதித்து மதிப்பிட வேண்டும் என்று நெறிமுறை வெளியிட்டது. நானோ உரங்கள் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழும் கொண்டு வரப்பட்டுள்ளன. விதி இருக்கிறது. ஆனால் விதி கடை வாசலோடு நின்றுவிடக் கூடாது. பாட்டிலின் மேல் துத்தநாகம் எத்தனை பங்கு, துகளின் அளவு என்ன, எந்த முறையில் செய்தது, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பவை தமிழில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். எல்லா நானோவும் கேளா ஒலியில் பிறந்தவை அல்ல. அரைத்துச் செய்வதும் உண்டு, ரசாயன வழியும் உண்டு. தேதி எதற்கு என்றால், நாள்பட்டால் இத்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியில் படிந்துவிடும். பிறகு அது நானோவும் அல்ல, வெறும் வெள்ளைச் சுண்ணாம்பு நீர் போல் ஆகிவிடும். குலுக்கியும் கலையாத படிவு இருந்தால் பாட்டிலைத் திருப்பிக் கொடுங்கள்.

யூரியா மூட்டை வேண்டுமானால் இதையும் சேர்த்து வாங்கு என்று கட்டாயப்படுத்துவது முறைகேடு. இத்தகைய கட்டாய விற்பனையைத் தடுக்கும்படி 2025 ஜூலையில் மத்திய வேளாண் அமைச்சர் மாநில முதலமைச்சர்களுக்கே கடிதம் எழுதினார். எனவே அப்படிக் கேட்கப்பட்டால் ரசீது வாங்கிக் கொண்டு வேளாண் துறையில் எழுத்து மூலம் புகார் கொடுக்க நாம் தயங்க வேண்டியதில்லை.

செருமாவிலங்கையில் பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண் கல்லூரி இருக்கிறது. மாதூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. திருவேட்டக்குடியில் தேசிய தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. ஒரு சிறு மாவட்டத்திற்கு இத்தனை நிலையங்கள் இருப்பது சாதாரணமல்ல. கேளா ஒலிக் கருவி பெரிய தொழிற்சாலைப் பொருள் அல்ல, மேசைமேல் வைக்கக் கூடியது. இவை மூன்றும் கூடி, தூளை இங்கேயே செய்து, இங்கேயே வயலில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. திருநள்ளாறு பக்கத்துக் களிமண்ணில் ஒன்று, கோட்டுச்சேரியில் ஒன்று, திருமலைராயன்பட்டினத்துக் கடலோர உவர் நிலத்தில் ஒன்று எனச் சோதனை வயல்கள் அமைக்கட்டும். துத்தநாகமே போடாத பாத்தி, ஜிங்க் சல்பேட் அடியுரமிட்ட பாத்தி, ஜிங்க் சல்பேட் தெளித்த பாத்தி, நானோ தெளித்த பாத்தி, நானோவில் விதை நேர்த்தி செய்த பாத்தி என்று பிரித்து, மற்ற உரங்களையெல்லாம் ஒரே அளவில் இடட்டும். ஒரு சம்பா போதாது, இரண்டு சம்பா பார்க்க வேண்டும். வடிகால் நீரையும் எடுத்துச் சோதிக்க வேண்டும். அறுவடையன்று சுற்று வட்டார விவசாயிகளை அழைத்து, அவர்கள் கண்ணெதிரே எடை போட வேண்டும்.

அதுவரை கையைக் கட்டிக் கொண்டிருக்க வேண்டியதில்லை. நடவுக்கு முன்பே மண் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, துத்தநாகம் குறைவா என்று தெரிந்து கொள்ளுங்கள். குறைவில்லாத வயலில் பாட்டிலும் வேண்டாம், பையும் வேண்டாம். குறைவிருந்தால் கொளுஞ்சியோ தக்கைப்பூண்டோ மடக்கி உழுது, 5 கிலோ ஜிங்க் சல்பேட்டோடு முடித்துக் கொள்ளலாம். டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட் ஆகியவற்றுடன் ஜிங்க் சல்பேட்டைக் கலந்து போடாதீர்கள். மணிச்சத்து துத்தநாகத்தைப் பிடித்துக் கொள்ளும்.

நானோ பாட்டிலைச் சோதித்துத்தான் பார்ப்பேன் என்று சொல்பவர்கள் வயல் முழுவதும் தெளிக்காமல், ஒரு மா நிலத்தில் வரப்பு ஓரமாக 5 சென்ட் அளந்து முளை அடித்து, அதில் மட்டும் தெளியுங்கள். பக்கத்தில் இன்னொரு 5 சென்டில் ஜிங்க் சல்பேட் தெளியுங்கள். மூன்றாவது 5 சென்டை ஒன்றும் தெளிக்காமல் விட்டு வையுங்கள். தெளித்த நாள், மழை பெய்த நாள், தூர் எண்ணிக்கை ஆகியவற்றைப் பிள்ளைகளின் பழைய நோட்டில் குறித்துக் கொள்ளுங்கள். அறுவடையில் மூன்றையும் தனித்தனியே அறுத்து, தனித்தனியே அடித்துத் தூற்றி, ஈரம் போக ஒரே நாளில் காயவைத்து எடை போடுங்கள். நெடுங்காட்டு நண்பர் வரும் சம்பாவில் இப்படிச் செய்வதாகச் சொல்லியிருக்கிறார். முளைக்குச்சிகளை இப்போதே வெட்டி வைத்து விட்டார்.